பாய்மரப் படகுக்குக் கையடக்க மின்பிறப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: அவுஸ்திரேலியாவில் வசிக்கும் எனது அத்தான் 32 அடி நீளமான பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். அது இப்போது திருகோணமலையில் நங்கூரமிட்டு நிற்கிறது. பள்ளி விடுமுறையில் நாங்களும் பிள்ளைகளும் சில வாரங்கள் அதிலேயே தங்கப் போகிறோம். மின்விளக்கு, விசிறி, சிறிய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுடன் இரவில் குளிரூட்டியும் ஓட வேண்டும் என்பதால், வவுனியாவில் 2 கேவிஏ பெற்றோல் மின்பிறப்பாக்கி ஒன்றை வாங்கி வருமாறு அத்தான் கேட்டிருக்கிறார். எந்த வகையை வாங்குவது நல்லது? (முல்லைத்தீவு வாசகர்)

பதில்: எந்த வகை என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் குளிரூட்டியை ஓட்டுவதற்காகத்தான் இந்த இயந்திரம் என்றால், தயவுசெய்து வாங்க வேண்டாம். குளிரூட்டி ஓட வேண்டுமானால் கதவையும் மேல்மூடிகளையும் சாத்த வேண்டும். உள்ளே எல்லோரும் உறங்குவார்கள், சில அடி தூரத்தில் பெற்றோல் இயந்திரம் விடியும்வரை ஓடும். கார்பன் மொனொக்சைட்டு நச்சு உயிரைப் பறிப்பதற்கு இதைவிட ஏற்ற சூழல் வேறில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது பிணைந்துகொள்வதால், உறங்குபவர் மூச்சுத் திணறலைக்கூட உணராமல் நினைவிழந்துவிடுவார்.

வீட்டு முற்றத்தில் மின்பிறப்பாக்கியை ஓட்டிப் பழகியவர்களுக்குப் படகு ஏன் வேறுபட்டது என்பது உடனே புலப்படாது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய இயந்திரத்தை வீட்டின் யன்னல், கதவு ஆகியவற்றிலிருந்து 20 அடிக்கு அப்பால் வைத்து ஓட்டும்படி அறிவுறுத்துகிறது. உங்கள் படகின் முழு நீளமே 32 அடிதான், அதற்குள் படியிறங்கும் வாசலும் மேல்மூடிகளும் இருக்கின்றன. ஆகவே அந்த இடைவெளியைப் படகில் எங்கு தேடினாலும் பெற முடியாது. நங்கூரத்தில் நிற்கும் படகு பெரும்பாலும் அணியத்தை, அதாவது முன்முனையை, காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும் என்பதால், இயந்திரத்தைப் பின்புறத்தில், புகைபோக்கி வெளிப்புறம் பார்க்க வைத்தால் புகை அப்பால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் முன்னிருந்து வரும் காற்று படகைக் கடந்து போகும்போது பின்புறத்தில் சுழல் ஒன்று உண்டாகி, அந்தப் புகையில் ஒரு பகுதியை வாசல் வழியாக உள்ளே திருப்பிவிடக்கூடும். நீரோட்டம் காற்றைவிட வலுவாக இருந்தால் படகு காற்றுக்குக் குறுக்காகவும் நிற்கும். கடற்காற்று தரைக்காற்றாக மாறும் இடைப்பொழுதில் காற்று முற்றாக ஓய்ந்துவிடுவதை முல்லைத்தீவுக் கரையில் வாழும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் புகை போவதற்கு இடமின்றிப் படகைச் சுற்றியே தேங்கும். வெயிலுக்கும் மழைக்கும் மேலே தறப்பாள் கட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மழை வருகிறது என்று இயந்திரத்தைத் தறப்பாளுக்குக் கீழே இழுத்து வைத்து ஓட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

இன்னொன்றையும் பிள்ளைகள் வருவதால் சொல்கிறேன். இயந்திரம் ஓடும்போது படகின் பின்புற ஏணியருகே யாரும் குளிக்கவோ நீந்தவோ கூடாது. நீர்மட்டத்தில் தேங்கும் புகையை மூச்சில் எடுத்து நினைவிழந்தவர் சத்தமின்றி மூழ்கிவிடுவார். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவைதாம் இந்த நச்சின் முதல் அறிகுறிகள். அவை கடல் மயக்கத்தின் அறிகுறிகளும் என்பதால், கடலுக்குப் புதியவர்கள் ஏறியிருக்கும் படகில் ஏமாறுவது எளிது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒருவருக்கு மேற்பட்டோர் தலையிடிக்கிறது என்றால், கடல் மயக்கம் என்று உள்ளே படுக்க வைக்காமல், இயந்திரத்தை உடனே நிறுத்தி எல்லோரையும் மேல்தளத்துக்குக் கொண்டுவந்து, கரையேறியதும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒட்சிசன் கொடுப்பதுதான் அதற்குரிய முதற் சிகிச்சை, அது படகில் இருக்காது.

இனிப் பெற்றோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் டீசல் இயந்திரமே பொருத்தப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. டீசல் ஆவி சாதாரண வெப்பநிலையில் எளிதில் பற்றாது. பெற்றோலின் ஆவியோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியசிலும் பற்றக்கூடியது, அதோடு காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. திறந்த வள்ளத்தில் அது காற்றோடு போய்விடும். மேல்தளம் மூடிய படகிலோ அடிப்பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடும், அங்கே நீரிறைக்கும் பம்பியின் சுவிட்ச் ஒன்றின் பொறியே போதும். எனவே பெற்றோல் கானையும், தாங்கியில் எண்ணெய் மிஞ்சியிருக்கும் இயந்திரத்தையும் ஒருபோதும் கீழறையில் வைக்க வேண்டாம். கானைக் கரையில், நிலத்தில் வைத்தே நிரப்புங்கள். வெயிலில் விரிவடைய மேலே சற்று இடம் விடுங்கள். ஓடி முடிந்த இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே மீண்டும் ஊற்றுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய மக்கள் நாங்கள், பெற்றோல் இல்லாவிட்டால் வேறு எதையாவது ஊற்றிப் பார்க்கும் துணிவு எங்களுக்கு இயல்பாகவே வரும். இந்தச் சிறு இயந்திரங்களில் அதைச் செய்ய வேண்டாம்.

சரி, குளிரூட்டியை விட்டுவிட்டால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் வேண்டும்? 12 வோல்ட் சிறு குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 அம்பியர்-மணி எடுக்கும் என்று கொள்ளுங்கள். இரண்டு விசிறிகள் பத்து மணி நேரம் ஓடினால் 20, எல்ஈடி விளக்குகளுக்கும் நங்கூர விளக்குக்கும் 5 முதல் 8, கைத்தொலைபேசிகளுக்கும் வானொலிக் கருவிக்கும் இன்னொரு 10. எல்லாம் சேர்ந்து 80 அம்பியர்-மணிக்குள் அடங்கிவிடும், அதாவது ஒரு கிலோவாட்-மணி அளவு. நம் பகுதி வெயிலில் 300 வாட் சோலார் தகடு, நிழல், தூசி, சாய்வு எல்லாவற்றையும் கழித்து நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வலுவில் வேலை செய்வதாக எடுத்தாலும் 1.2 கிலோவாட்-மணி தரும். படகின் டீசல் இயந்திரத்திலும் பற்றரிக்கு மின்னேற்றும் ஓல்டனேற்றர் ஏற்கெனவே இருக்கும். ஆகவே, அத்தான் மின்பிறப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் சோலார் தகட்டுக்கும், அதற்கான கட்டுப்படுத்திக்கும், நல்ல பற்றரிக்கும் செலவிடுவதே என் பரிந்துரை. அதற்கு இரைச்சலும் இல்லை, அயலில் நங்கூரமிட்டிருப்பவரின் முகச்சுளிப்பும் இல்லை.

மார்கழி மாதத்து மூடிய வானத்தையும் நீண்ட தங்கலையும் எண்ணி, அவசரத்துக்கு ஒன்று வேண்டும் என்று அத்தான் நினைத்தால் நான் மறுக்கமாட்டேன். அப்படியானால் திறந்த சட்டத்தில் வரும் மலிவான வகையைத் தவிர்த்து, மூடிய உறையோடு வரும் இன்வேர்ட்டர் வகையையே வாங்குங்கள். 2 கேவிஏ அளவில் அது 20 கிலோவை ஒட்டிய எடையுடையதாக இருக்கும், ஒருவரே தூக்கலாம். சுமைக்கேற்ப மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும். அதன் மின்னலை சீரானது என்பதால் மின்னேற்றிக்கும் கணினிக்கும் தீங்கு இல்லை. இயந்திரத்தின் மசகெண்ணெய் குறைந்தால் தானே நிற்கும் அமைப்பு இவற்றில் உண்டு. அலையில் படகு புரளும்போது மசகெண்ணெய் இருந்தும் இயந்திரம் நின்றுவிடுவதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கி ஓட வேண்டாம், அமைதியான நீரில் சமமாக வைத்து ஓட்டினால் சரியாகிவிடும்.

அதைவிட முக்கியம், எதற்காக ஓட்டுவது என்பது. ஈய-அமிலப் பற்றரி பாதி இறங்கிய நிலையில் மின்னை வேகமாக ஏற்றுக்கொள்ளும். 80 வீதத்தைத் தாண்டிய பின்னர் சொட்டுச் சொட்டாகவே வாங்கும், நிரம்புவதற்குப் பல மணி நேரம் எடுக்கும். அந்தக் கடைசிப் பங்கை நிரப்ப மின்பிறப்பாக்கியை ஓட்டுவது பெற்றோலை வீணாக்குவதாகும். காலையில் எல்லோரும் விழித்து மேல்தளத்தில் இருக்கும்போது, 30 அல்லது 40 அம்பியர் மின்னேற்றியை நேரடியாகச் செருகி ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். மிச்சத்தைப் பகல் வெயில் பார்த்துக்கொள்ளும். 10 அம்பியர் சிறு மின்னேற்றியை மாட்டி நாள் முழுவதும் ஓட்டுவோரையும் கண்டிருக்கிறேன், அது 2 கேவிஏ இயந்திரத்தின் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை. படகின் 230 வோல்ட் வயரிங்கோடு இணைக்க விரும்பினால், மாற்றுச் சுவிட்ச் ஒன்றை மின்வேலை தெரிந்தவரே பொருத்த வேண்டும். இந்த இயந்திரங்கள் பலவற்றில் நியூட்ரல் முனை நிலத்தோடு இணைக்கப்படாமல் மிதப்பதால், வீட்டில் நம்பியிருக்கும் ட்ரிப் சுவிட்ச் இங்கே விழாமல் போகலாம். இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரை யாராவது கட்டித் தந்தால் வாங்காதீர்கள்.

இயந்திரத்தை வாங்கும் நாளிலேயே கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியையும் வாங்க வேண்டும். பெட்டியில் ஈ.என். 50291-2 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள், படகுகளையும் வசிப்பு வண்டிகளையும் கருதி வகுக்கப்பட்ட ஐரோப்பியத் தரம் அது. புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவை அறியாது. சில புதிய மின்பிறப்பாக்கிகளில் வாயு சேர்ந்தால் தானே நிற்கும் உணரி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது இயந்திரத்தின் அருகில் உள்ள காற்றையே பார்க்கிறது. காற்று புகையை அள்ளி அறைக்குள் கொண்டுபோனால் அதற்குத் தெரியாது. ஆகவே படுக்கும் இடத்தில், தலை உயரத்தில், தனியாக ஒரு கருவி இருக்க வேண்டும்.

கேள்வி: கனடாவிலிருக்கும் சித்தப்பா, எங்கள் படகுக்குப் பாவித்த மின்பிறப்பாக்கி ஒன்றைக் கப்பல் பெட்டியில் போட்டு அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (நாச்சிக்குடா வாசகர்)

பதில்: அன்போடு தருவதை மறுப்பது கடினம்தான், இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டை உயர்த்தலாம், ஆனால் அது ஹேர்ட்ஸை மாற்றாது. மோட்டார் உள்ள கருவிகள் வேறு வேகத்தில் ஓடிச் சூடாகலாம். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கும் மின்னேற்றி மட்டும் அதிலும் தடையின்றி வேலை செய்யும். மேலும், பாவித்த இயந்திரத்தின் தாங்கியில் பெற்றோல் ஆவி மிஞ்சியிருந்தால் அது கப்பலுக்கே ஆபத்தான சரக்கு. சித்தப்பாவுக்கு உதவி செய்யும் மனமிருந்தால், நான் மேலே சொன்ன எச்சரிக்கைக் கருவியை அனுப்பச் சொல்லுங்கள். எடை குறைவு, பற்றரியில் இயங்குவது, வோல்ட் பிரச்சினை இல்லை. அதன் பின்புறத்தில் காலாவதித் திகதி இருக்கும், புதியதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளிநொச்சிக் கடை ஒன்றில் இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய மின்பிறப்பாக்கியைப் படகில் வைத்துப் பாவித்தோம். காபரேற்றர் துருப்பிடித்து நின்றுவிட்டது. கடலில் பாவித்ததால் உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள். முறையிட முடியுமா? (முல்லைத்தீவு வாசகர்)

பதில்: முதலில் உத்தரவாத அட்டையை முழுமையாக வாசியுங்கள். உப்புநீரால் வரும் துரு விலக்கப்பட்டிருப்பது வழமை, அவ்வாறு எழுதியிருந்தால் உத்தரவாதத்தின் பெயரால் நீங்கள் கேட்பதற்கு இடம் குறைவு. ஆனால் உங்களுக்கு வேறொரு வழி இருக்கலாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பியே வாங்கியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். படகுக்கு என்று சொல்லிக் கேட்டீர்களா, அவர் "தாராளமாகப் பாவிக்கலாம்" என்றாரா என்பதே இங்கு தீர்மானமானது. நீங்களாகவே ஒரு வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது.

பற்றுச்சீட்டு கையில் இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும், உங்களிடம் ஒரு மாதமே மிச்சம். 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் கேட்கலாம், மாவட்டச் செயலகத்தில் அச்சபையின் அலுவலர்களையும் நேரில் சந்திக்கலாம். அதுவரை இயந்திரத்தை வெளியில் கொடுத்துக் கழற்ற விடாதீர்கள். யார் திறந்தார் என்ற கேள்வி எழுந்தால் உங்கள் பக்கம் வலுவிழக்கும். பழுதான பகுதியை இப்போதிருக்கும் நிலையிலேயே, திகதி தெரியும்படி படமெடுத்து, முறைப்பாட்டோடு இணையுங்கள்.