கிழமைக்காரர்கள்

அன்புள்ள அக்கா,

போன மாதம் நீங்கள் எழுதிய ‘முதல் தோசை’ குறிப்பைப் படித்தேன். முதல் தோசை பிய்ந்துதான் வரும், அது அம்மா தட்டுக்குத்தான் போகும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிய்ந்த தோசைக்கே மூன்று பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

கரூரில் இருக்கிறோம். பெரியவளுக்கு எட்டு வயது, பையனுக்கு ஐந்து, சின்னவளுக்கு இரண்டரை. கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். காலையில் எட்டுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். ஸ்கூல் வேன் 7.50-க்கு வரும். அதற்குள் யாருக்கு முதல் தோசை, யாருக்கு நீல டம்ளர், யார் வேனில் ஜன்னல் பக்கம், யாருக்கு நான் முதலில் தலை வாருவது என்று நான்கு வழக்குகளுக்காவது தீர்ப்புச் சொல்லி முடிக்க வேண்டும். இன்னொரு தோசைக்கல் வாங்கிவிட்டால் பாதிச் சண்டை தீரும் என்று நினைத்து அதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் “மூணா?” என்று கேட்கிற பார்வை வேறு.

மூன்று பேரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன், அக்கா. கடலை மிட்டாய் வாங்கினால்கூட அளந்துதான் உடைக்கிறேன். ஆனாலும் மூன்று பேருமே “உனக்கு என்னைப் பிடிக்காது” என்கிறார்கள். சின்னவளுக்கு அந்த வாக்கியம் முழுதாக வராது, ஆனாலும் சொல்கிறாள். போன புதன்கிழமை டம்ளர் சண்டையில் பையனை அடித்துவிட்டேன். சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டான். ராத்திரி நான் பக்கத்தில் படுத்ததும், “பாப்பா தூங்கினப்புறம் கொஞ்ச நேரம் நான் பாப்பாவா இருக்கட்டுமா?” என்று கேட்டான். எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்களுக்கும் மூன்று பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேரையும் சமமாக நடத்துவது எப்படி?

(பெயர் போட வேண்டாம்.)

---

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்தக் காசைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இரண்டாவது தோசைக்கல் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். இரண்டு அடுப்பில் இரண்டு கல் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு தோசை வரும். ஒரு கல்லாக இருந்தவரை இரண்டு பேர் காத்திருந்தார்கள், அதில் ஒரு துணை இருந்தது. இரண்டு கல் வந்ததும் ஒரே ஒருத்தர் மட்டும் காத்திருக்க வேண்டி வந்தது. அந்த ஒருத்தரின் அழுகை முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு. அந்தக் கல் இப்போது பரணில் இருக்கிறது. அவசரமான நாளில் இட்லி ஊற்றிவிடுங்கள். ஒரே ஈட்டில் எல்லாருக்கும் வந்துவிடும். இட்லி என் பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் இட்லிக்காக அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

என் மாமியார் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். “எங்க வீட்ல சண்டையே கிடையாது, இலை போட்டு வரிசையா உக்கார வச்சிருவோம்” என்பார். அது ஞாபக மறதி என்றே நினைக்கிறேன். அவருடைய பிள்ளைகள் அறுபது வயதிலும் அந்த வரிசையில் யார் கடைசியில் உட்கார்ந்தது என்பதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

“மூணா?” என்று கேட்பவர்களை விடுங்கள். ஒரு காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் சிவப்பு முக்கோணத்தோடு அரசாங்கம் சுவரெல்லாம் எழுதிய வாசகமே “இரண்டு அல்லது மூன்று போதும்” என்பதுதான். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ அதற்கப்புறம் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. அதனால் இன்றைக்கு நாம்தான் வேடிக்கைப் பொருள். ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏற்றலாம், லாட்ஜில் ஓர் அறைக்கு இரண்டு பெரியவர் இரண்டு சிறுவர். பேறுகால விடுப்புச் சட்டத்தில் முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம், மூன்றாவதுக்கு 12 வாரம். மூன்றாவது பிள்ளை பாதி நாளில் வளர்ந்துவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். சரி, இது என்னுடைய பழைய கோபம். உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சமமாக நடத்துவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேர் விஷயத்தில் அது முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு பேர் என்றால் ஒரு வழி உண்டு. ஒருவர் மிட்டாயை உடைக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். உடைப்பவர் தானாகவே சரிபாதியாக உடைப்பார். மூன்று பேருக்கு, ஒருவர் பங்கைப் பார்த்து மற்றவருக்குப் பொறாமை வராதபடி பிரிக்க என்ன வழி என்பது கணித மேதைகளுக்கே வேலை வைத்த கேள்வி. 1960 வாக்கில்தான் ஜான் செல்ஃப்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டார். பிறகு ஜான் கான்வே என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரும் தனியாக அதே வழிக்கு வந்து சேர்ந்தார். ஒருவர் மூன்றாக வெட்ட வேண்டும், அடுத்தவர் பெரிய துண்டில் கொஞ்சம் சீவ வேண்டும், மூன்றாமவர் முதலில் எடுக்க வேண்டும், அப்புறம் சீவியதை மறுபடி மூன்றாக வெட்ட வேண்டும். மொத்தம் ஐந்து வெட்டு வரை போகும். கேக்குக்குச் சரி. கடலை மிட்டாயை ஐந்து இடத்தில் வெட்டிப் பாருங்கள், தூளைத்தான் நக்க வேண்டும்.

அதனால் நான் அளப்பதை விட்டேன். விட்டது ஞானத்தால் இல்லை, களைப்பால். என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அடுத்தடுத்து அம்மை போட்டது. அம்மை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றி வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரியவனுக்குத் தண்ணீர் ஊற்றி, அப்பாடா என்று உட்கார்ந்த வாரம் நடுவிலவளுக்கு முத்து போட்டது. அவளுக்கு ஊற்றி முடித்தபின் சின்னவனுக்கு. நாற்பது நாள் வீட்டில் தாளிப்பு இல்லை, வாசல் வேப்பிலை வாட வாட மாற்றிக்கொண்டே இருந்தேன். அந்த நாற்பது நாளும் படுத்திருப்பவருக்குத்தான் எல்லாமே முதலில். இளநீர், விசிறி, என் மடி எல்லாம். ஆச்சரியம் என்னவென்றால் மற்ற இருவரும் ஒரு நாள்கூடச் சண்டை போடவில்லை. “இப்ப அவன் முறை” என்று சின்னவனே சொன்னான். அவன் முறை வந்தபோது ராஜா மாதிரிப் படுத்திருந்தான்.

அதிலிருந்துதான் எங்கள் வீட்டுக் கிழமை ஏற்பாடு வந்தது. திங்களும் வியாழனும் பெரியவன், செவ்வாயும் வெள்ளியும் நடுவிலவள், புதனும் சனியும் சின்னவன். ஆறு நாளை மூன்றால் வகுத்தால் மீதி இல்லை. ஞாயிறு என்னுடையது. அன்றைக்கு முறுகலாக வரும் தோசையை நானே எடுத்துக்கொள்வேன், யாரும் பேசக்கூடாது. அவரவர் கிழமையில் முதல் தோசை, ஜன்னல் ஓரம், ஸ்கூட்டரில் முன்னால் நிற்பது, டிவி ரிமோட் எல்லாம் அவருக்கு. அதே நாளில் எல்லாருக்கும் தண்ணீர் எடுத்து வைப்பது, மோட்டார் போட்டு நிறுத்துவது, வாசலில் செருப்பை அடுக்குவது, மாவு மில்லுக்கு என்னோடு வருவது, இதெல்லாமும் அவர்தான். காலையில் “இன்னிக்கு யார் கிழமை?” என்று கேட்டால் போதும். வழக்கு என்னிடம் வருவதே இல்லை, காலண்டரிடம் போய்விடும். காலண்டரைப் பார்த்து “உனக்கு என்னைப் பிடிக்காது” என்று யாரும் சொல்ல முடியாதல்லவா.

பழைய தமிழில் கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள், ‘கண்ணனது வீடு’ என்பதில் வரும் ‘அது’. அப்போது எனக்கு அது மனப்பாடம் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை காலையில் என் மகள் “இது என்னுது” என்று தட்டோடு அடுப்பங்கரைக்கு வந்து நின்றபோதுதான் புரிந்தது.

இதில் ஓட்டையே இல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டாம் மாதத்திலேயே பெரியவன் தன் வியாழக்கிழமையை வாசனை ரப்பர் ஒன்றுக்குத் தங்கையிடம் விற்றுவிட்டான். மாலையில் அவளுக்கு மூன்று நாள், அவனுக்கு ஒரு நாள் என்று அழுகை. கிழமையை விற்கவோ கடன் கொடுக்கவோ கூடாது என்று சட்டத் திருத்தம் வந்தது. காய்ச்சலில் போன நாளுக்குப் பாக்கி கேட்டார்கள், பாக்கி கிடையாது என்றேன். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்றைய கிழமைக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். இதை மட்டும் நான் சொல்லவில்லை, அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகும்போது எல்லாம் குழம்பும். ரயிலில் ஐந்து வயதைத் தாண்டி பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் 2016-லிருந்து முழு டிக்கெட். நாங்கள் ஒரு பிள்ளைக்கு மட்டும் அரை டிக்கெட் எடுத்து இரவெல்லாம் என் காலடியில் சுருட்டிக்கொண்டு போவோம். அந்த ஒரு பிள்ளை யார் என்பதற்கு எந்தக் கிழமையும் உதவாது.

உங்கள் சின்னவளுக்கு இரண்டரை வயது. அவளுக்குக் கிழமை புரியாது, அழத்தான் செய்வாள். பசித்தால் அவளுக்கு எந்த நாளானாலும் முதலில் ஊட்டிவிடுங்கள். ஆனாலும் காலண்டரில் அவளுக்கும் இரண்டு நாள் போட்டு வையுங்கள். அது அவளுக்காக இல்லை, மற்ற இருவருக்காக. பாப்பாவுக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதுவரை ஏழு நாளும் அவளுடையது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அநேகமாக அது உண்மையும்கூட.

நீல டம்ளரை இன்றைக்கே எடுத்து எங்காவது ஒளித்து வைத்துவிடுங்கள். ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளுக்கு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இடம் இல்லை. எவர்சில்வர் டம்ளர் மூன்று, ஒரே அளவு, பெயர் வெட்டாமல் வாங்குங்கள். பெயர் வெட்டினால் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்று அடுத்தது ஆரம்பமாகும்.

இன்னொன்று. இரண்டு பிள்ளைகள் என்றால் வீட்டில் ஒரு ஜோடி. மூன்று என்றால் மூன்று ஜோடி. எந்த ஜோடி சேர்ந்தாலும் ஒருவர் வெளியே நிற்பார். கிரிக்கெட் ஆடினால் ஒருவர் பந்து போட, ஒருவர் அடிக்க, மூன்றாமவர் நாள் முழுக்கப் பந்து பொறுக்குவார். கேரம் போர்டு இரண்டு பேருக்கு, அல்லது நான்கு பேருக்கு. பல்லாங்குழி இரண்டு பேருக்கு. தாயம் மட்டும் மூன்று பேர் உட்கார்ந்து ஆடலாம். பெரியவர்கள் இருவருக்கும் இப்போதே கற்றுக்கொடுங்கள், சின்னவள் ஒரு வருடத்தில் காயை விழுங்காத வயதுக்கு வந்துவிடுவாள். வெளியே நிற்பது எப்போதும் ஒரே பிள்ளையா, மாறி மாறி நிற்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். மாறினால் கவலையில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்கள் வீட்டில் மாறவில்லை என்று தோன்றுகிறது. பெரியவள் உங்களுக்குக் கூடமாட உதவுவாள், சின்னவள் உங்கள் இடுப்பில் இருப்பாள். பையன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள்.

அடித்ததைப் பற்றி. நானும் அடித்திருக்கிறேன், அதுவும் தப்பான ஆளை. தண்ணீரைக் கொட்டியது சின்னவன், அடி வாங்கியது நடுவிலவள். மறுநாள் அவளை மட்டும் மாவு மில்லுக்குக் கூட்டிப்போய், அரைபடும் வரை திண்ணையில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். “தெரியும்” என்றாள். அவ்வளவுதான். வரும் வழியில் சூடான மாவுப் பையைத் தானே தூக்கிக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நீங்களும் சொல்லிவிடுங்கள், நீட்டி முழக்க வேண்டாம். மற்ற இருவரையும் கணவரிடம் விட்டுவிட்டு அவனை மட்டும் எங்காவது கூட்டிப் போங்கள். ஞாயிறு அவருக்கு லீவு இருக்குமல்லவா? அமராவதிப் பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பினால்கூடப் போதும். அவருக்கும் மூன்று பேரில் இரண்டு பேரைத் தனியாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால் நிறைய விஷயங்கள் தெரியவரும்.

அவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கே “இரு” என்று சொல்லுங்கள். பாப்பா தூங்கியதும் அவனைத் தூக்கி மடியில் போட்டுத் தட்டிக்கொடுங்கள், கால் மடிக்கு வெளியே தொங்கும். ஐந்து வயதுக்காரனால் பத்து நிமிடத்துக்கு மேல் பாப்பாவாக இருக்க முடியாது. அப்புறம் அவனே எழுந்து உட்கார்ந்து, நாளைக்கு யார் கிழமை என்று கேட்பான். காலண்டரை அதற்கு முன்னால் எழுதி மாட்டிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா