கைக்குழந்தையோடு நீண்ட விமானப் பயணம்: திருகோணமலைத் தாய்மாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருகோணமலையில் பிள்ளைகள் வார்டிலும் தாய் சேய் கிளினிக்கிலும் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி நான். என் பிள்ளைகளும் வெளிநாட்டில்தான். ஊருக்கு வந்து பிள்ளை பெற்றுத் திரும்புகிறவர்கள், கணவரிடம் போகிறவர்கள், பேரப்பிள்ளையோடு துணைக்குப் போகும் அம்மம்மாமார் என்று பலர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன். மருந்து, நோய் பற்றிய விஷயங்களில் உங்கள் பிள்ளையைக் கையில் எடுத்துப் பார்த்த டொக்டரின் சொல்தான் கடைசி.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: மிஸ்ஸி, பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்துவிட்டது. ரொறன்ரோவுக்கு எப்போது திரும்பலாம்?

பிறந்து ஒன்றிரண்டு கிழமையிலேயே டொக்டரின் கடிதத்தோடு ஏற்றும் விமான நிறுவனங்கள் உண்டு, மகள். ஆனால் ஏற்றுவார்கள் என்பதற்காகப் போகத்தான் வேண்டும் என்றில்லை. இரண்டு மாத ஊசி போட்டு, அதன் காய்ச்சல் தணிந்து, ஒரு கிழமை போகட்டும். அதற்கு முன் சின்னப் பிள்ளைக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம். ஆகாயத்தில் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் அது வந்தால் என்ன செய்வீர்கள்?

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இருதயத்திலோ நுரையீரலிலோ குறை உள்ள பிள்ளை என்றால் டொக்டரிடம் கேட்காமல் ரிக்கெட் எடுக்கவேண்டாம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமன். நுவரெலியா நகரத்துக்கும் பீதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் அது. சுகமான பிள்ளை அதைத் தாங்கும். சுவாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு ஒட்சிசன் போதாமல் போகலாம்.

நிலாவெளியிலிருந்து: அக்கா, காது நோகும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். பிளேன் ஏறும்போது பால் கொடுத்தால் போதுமா?

ஏறும்போதை விட இறங்கும்போதுதான் நோ கூட. காதின் உட்புறத்தையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. மேலே போகும்போது காதுக்குள் இருக்கும் காற்று அதன் வழியே பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். கீழே வரும்போது வெளியழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளும். குழாய் திறந்து காற்று உள்ளே போனால்தான் நோ குறையும். நாங்கள் கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கிச் சமாளிப்போம். பிள்ளை விழுங்குவது பால் குடிக்கும்போதுதான்.

இதில் நேரம்தான் முக்கியம். இறங்கத் தொடங்கித் தரை தொட ஏறக்குறைய அரை மணித்தியாலம் எடுக்கும். அறிவிப்பு வந்தவுடன் வயிறு முட்டக் கொடுத்துவிட்டால், நோ கூடும் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குப் பிள்ளை வாய் திறக்காது. இறங்குவதற்கு முந்திய ஒன்றரை மணித்தியாலம் பெரிய பால் எதுவும் கொடுக்காமல் பாருங்கள். முன்னால் உள்ள திரையில் வரைபடத்தைப் போட்டால் உயரம் தெரியும். 36,000, 38,000 என்று நிற்கும் எண் குறையத் தொடங்கியதும் ஒரு பக்க முலையைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் குடித்ததும் எடுத்து, தோளில் போட்டு ஏவறை எடுக்கவிட்டு, சற்றுப் பொறுத்து மற்றப் பக்கம். போத்தல் என்றாலும் அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாக. பால் வேண்டாம் என்றால் சூப்பி. தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள்.

பிள்ளை தூங்கினால்? நித்திரையில் விழுங்குவது குறைவு. நான் எழுப்பச் சொல்வேன். பாவம் என்று விட்டுவிட்டால் ஓடுபாதை தெரியும் நேரத்தில் வீரிட்டுக்கொண்டு எழும்பும். அப்படி அழுதாலும் பதறவேண்டாம், அழும்போதும் அந்தக் குழாய் திறக்கும். பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் உப்புநீர்த் துளியை இறங்குவதற்கு முன் மூக்கில் விடுங்கள். காதில் கிருமி என்று டொக்டர் சொல்லியிருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஓர் அம்மம்மா: மகள் தனியப் போகிறாள். வழியில் அழாமல் தூங்க இத்துனூண்டு பிரிட்டோன் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். வசம்பு உரைத்துக் கொடுக்கலாமா?

அம்மா, இரண்டும் வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

பிரிட்டோன், பெனர்கன் போன்றவை ஒவ்வாமைக்கான மருந்துகள். தூக்கம் அவற்றின் பக்க விளைவு. கைக்குழந்தைக்கு அந்தத் தூக்கம் மூச்சையும் மெதுவாக்கலாம். பெனர்கன் மருந்தை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது, காரணம் மூச்சு நின்று இறந்த பிள்ளைகள். ஏற்கெனவே ஒட்சிசன் குறைந்த இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், களைத்துத் தூங்கும் தாயின் மடியில் பிள்ளையின் மூச்சு மெதுவானால் யார் கவனிப்பது? சில பிள்ளைகளுக்கு இது எதிர்மாறாக வேலை செய்து, விடிய விடிய முறுகிக்கொண்டிருக்கும்.

வசம்பை உள்ளுக்குக் கொடுத்து வாந்தியோடு வார்டுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கையில் கட்டியதையும் புறப்படும்போது அவிழ்த்துவிடுங்கள், வாயில் வைத்துச் சூப்பும். கழுத்தில் பஞ்சாயுதச் சங்கிலி இருந்தால் அதுவும் உங்கள் பையில் வரட்டும், தூங்கும்போது இறுக்கும். அரைஞாண் இருக்கலாம். சோதனையில் சத்தம் வைத்தால் தடவிப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

பரசிற்றமோல் மட்டும், டொக்டர் நிறைக்கு ஏற்ற அளவு எழுதித் தந்திருந்தால், கைப்பையில் இருக்கட்டும். காய்ச்சலுக்கும் நோவுக்கும்தான் அது.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: மிஸ், பிள்ளையின் வாப்பா கட்டாரில். நானும் ஐந்து மாதப் பிள்ளையும் தனியே போகிறோம். பால்மா குடிக்கிறது. தண்ணீர் கொண்டுபோக விடுவார்களா?

விடுவார்கள், தங்கச்சி. கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பிள்ளையின் பாலுக்கும் அதைக் கரைக்கும் தண்ணீருக்கும் பெரும்பாலான விமான நிலையங்களில் தளர்த்தப்படும், பயணத்துக்குத் தேவையான அளவு என்றால். சோதனைத் தட்டில் வைக்கும்போதே "பிள்ளையின் பால்" என்று சொல்லித் தனியாக வையுங்கள். மூடியைத் திறந்து பார்ப்பார்கள்.

கரைத்த பாலைக் கொண்டுபோக வேண்டாம். கரைத்தபின் இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்கவேண்டும், பிள்ளை வாய் வைத்தது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வேளைக்குமான மாவை அளந்து சின்ன டப்பாக்களில் போடுங்கள். கொதித்த தண்ணீர் ஒரு நல்ல பிளாஸ்கில். மாவில் கிருமி இருக்கலாம், அதனால் 70 பாகைக்குக் குறையாத சுடுதண்ணீரில் கரைத்து, பிறகு ஆறவைப்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை. பிளேனில் போத்தலைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள கோப்பைக்குள் நிற்கவைத்தால் சீக்கிரம் ஆறும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தோஹாவுக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம்தான். ஆனாலும் தாமதத்தை நினைத்து இன்னும் மூன்று வேளைக்கு மா வையுங்கள். தனியே போவதால் நெஞ்சோடு கட்டும் துணித்தூளி எடுங்கள். இரண்டு கையும் வெறுமையாக இருந்தால்தான் பாஸ்போர்ட்டையும் பையையும் பார்க்கலாம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தகப்பன்: விடியப்புறம் பிளேன். ரயிலா, வானா?

வான்தான், தம்பி. இரவு ரயில் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து பொதிகளோடு மறுபடி கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வடக்கே வரவேண்டும்.

ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியே ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்டால் ரோட்டில் யானை நிற்கும். அந்தத் துண்டை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். இரவு பத்து, பதினொரு மணிக்கு எயார்போட்டில் நிற்கவேண்டும் என்றால் பின்னேரம் மூன்று மணிக்கு முன் புறப்படுங்கள், தம்புள்ளையில் இறங்கிப் பால் கொடுத்து, பம்பஸ் மாற்றி, தாயும் ஏதாவது சாப்பிடட்டும். பிள்ளை பின் சீற்றில், முன்னால் மடியில் வேண்டாம். நீண்ட பயணம் பிளேனில் தொடங்குவது போல எல்லாரும் பேசுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது வீட்டு வாசலில் தொடங்குகிறது. தாய் எயார்போட்டுக்கே களைத்துப் போய்ச் சேர்ந்தால் மிச்சப் பயணம் முழுக்க அந்தக் களைப்புத்தான். வசதி இருந்தால் முதல்நாள் நீர்கொழும்பில் தங்குங்கள்.

உவர்மலையிலிருந்து: பிள்ளைக்குத் தொட்டில் தருவார்களாமே?

ரிக்கெட் எடுக்கும்போதே கேட்கவேண்டும். தடுப்புச் சுவருக்கு முன்னுள்ள வரிசையில்தான் அதைக் கொழுவ முடியும், இடம் சிலருக்குத்தான். நிறைக் கட்டுப்பாடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும், பெல்ட் விளக்கு எரியும்போதும் பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கவேண்டும், நல்ல நித்திரை என்றாலும். அப்போது பணிப்பெண் தரும் சின்னப் பெல்ட்டை உங்கள் பெல்ட்டில் கோர்த்துப் பிள்ளையின் இடுப்பில் போடுங்கள். உங்கள் பெல்ட்டையே இருவரையும் சேர்த்துச் சுற்றிப் போட்டால், குலுங்கும்போது உங்கள் பாரம் முழுவதும் பிள்ளைமேல் விழும்.

இரண்டு வயதுக்குக் கீழ் மடிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தின் பத்திலொரு பங்கு. திரும்பி வரும்போது இரண்டு வயது முடிந்திருந்தால் தனிச் சீற் எடுக்கவேண்டும்.

மூதூரிலிருந்து: எத்தனை பம்பஸ்?

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் அரைவாசி. ஏறுவதற்குச் சற்று முன் மாற்றிவிடுங்கள். பிள்ளைக்கு இரண்டு உடுப்பு, உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. வாந்தி இரண்டு பேர் மேலும்தான் விழும்.

மெல்பேர்னுக்குப் போகும் ஒரு தாய்: ஒன்பது மாதம். வாழைப்பழமும் சோறும் சாப்பிடும். என்ன கொண்டுபோகலாம்?

வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியது மட்டும். புது உணவைப் பிளேனில் தொடங்கவேண்டாம். வாழைப்பழம் வழிக்கு நல்லது, ஆனால் அவுஸ்திரேலியாவில் இறங்குமுன் சாப்பிட்டு முடிக்கவேண்டும் அல்லது பிளேனிலேயே விடவேண்டும். பழமும் விதையும் அங்கே மிகக் கண்டிப்பு. பையில் எந்த உணவு இருந்தாலும் படிவத்தில் எழுதுங்கள்.

ஒன்பது மாதம் என்பதால் சின்னமுத்து ஊசி போட்டாயிற்றா என்று கிளினிக் கொப்பியைப் பாருங்கள். 2025இல் கனடாவில் சின்னமுத்து பெரிதாகப் பரவியது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளை பயணம் போனால் முன்கூட்டி ஓர் ஊசி போடும் வழக்கம் அங்கெல்லாம் உண்டு. ஒன்பது மாதத்துக்கு முன் போகிறவர்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் கேளுங்கள். கொப்பியைக் கைப்பையில் எடுத்துப்போங்கள், போகும் நாட்டு டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒருவரும் கேட்காதது

தாயின் காலைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். பிள்ளை பெற்று ஆறு கிழமைக்குள் கால் நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டும் ஆபத்து சாதாரண நாளை விடப் பல மடங்கு, சிசேரியன் என்றால் இன்னும் கூட. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பிள்ளையை மடியில் வைத்து அசையாமல் இருந்தால் அது மேலும் கூடும். துணைக்கு வருபவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு எழும்பி நடவுங்கள். எழும்ப முடியாவிட்டால் பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டுங்கள். இறுக்கக் காலுறை தேவையா என்று முன்பே கேளுங்கள். பிளேனுக்குள் காற்று வறண்டது, கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடியுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, பால் அடிக்கடி கொடுத்தால் போதும். இறங்கியபின் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

லிங்கநகரிலிருந்து: பாஸ்போர்ட்டுக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டுமா?

வவுனியாவிலும் கந்தோர் உண்டு, எங்களுக்கு அதுதான் கிட்ட. இன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். தாயோ தகப்பனோ தனியே கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். கனடா அந்தக் கடிதத்தைக் கொண்டுவரும்படி சொல்கிறது.

திருக்கடலூரிலிருந்து: ரொறன்ரோவில் இறங்கியபின் பிள்ளை இரவிரவாக முழித்திருக்குமாமே?

முழித்திருக்கும். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. அவர்களின் நடுச்சாமம் எங்கள் காலை. மூன்று மாதத்துக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இரவும் பகலும் இன்னும் பிரியவில்லை, அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. மற்றவர்களைக் காலையில் திரைச்சீலை திறந்து வெளிச்சத்தில் வையுங்கள், இரவில் முழித்தால் விளக்குப் போடாமல், விளையாட்டுக் காட்டாமல் பாலைக் கொடுத்து விடுங்கள். ஒரு கிழமையில் சரியாகும்.

இன்னொன்று. எயார்போட்டுக்கு ஏற்ற வரும் உறவினரிடம் பிள்ளைக்கான கார் சீற்றைப் பின்பக்கம் பார்க்கும்படி பூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மடியில் வைத்துப் போக அங்கே சட்டம் இடம் கொடாது. குளிர்காலம் என்றால் தடித்த ஜக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பட்டியை இறுக்கி, அதற்கு மேலே போர்வையைப் போடுங்கள். ஜக்கெட்டோடு பூட்டினால் பட்டி தளர்ந்தே நிற்கும்.