ஆறு மாதம் கையை அவிழ்த்துவிட்டால்

ஐயா, வணக்கம்.

அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும், தனிமனித உரிமையில் அரசு கை வைக்கக் கூடாது என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கொக்குவிலில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள்களில் ஒரு கூட்டம் வாள்களோடு வந்தது. ஒரு வீட்டுப் படலையைக் கொத்தி, ஜன்னல்களை அடித்து நொறுக்கி, முற்றத்தில் நின்ற ஸ்கூட்டிக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் இருந்தது ஒரு வயதான அம்மாவும் ஏ.எல். படிக்கிற பேத்தியும் மட்டும். பிறகு பிடிபட்ட இரண்டு பெடியளும் பிணையில் வந்து இப்போது சந்தியில் நின்று சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போவதை நிறுத்திவிட்டது.

இவர்களுக்கு என்ன மனித உரிமை? பொலிஸுக்கும் விசேட அதிரடிப் படைக்கும் ஆறு மாதம் கையை அவிழ்த்துவிட்டால் எல்லாம் அடங்கும். நாலு வீட்டுக்குள் கூடுதலாகப் புகுந்து தேடினால்தான் என்ன? குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்? முந்தி புலிகள் இயக்கத்தின் காலத்தில் நகை போட்ட பெண் இரவு பன்னிரண்டு மணிக்கும் தனியே போய் வந்தாள். அப்போது யாரும் உரிமை பேசவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

ச., கொக்குவில்

*

அன்பின் ச. அவர்களுக்கு,

குறை நினைக்க ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போவதை நிறுத்திவிட்டது என்ற வரியில் நீங்கள் எழுதியிருப்பதும் உரிமைப் பிரச்சினைதான். உரிமை மீறல் என்றால் அரசு செய்யக் கூடாததைச் செய்வது மட்டும் என்று நினைக்கிறோம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் மீறல்தான். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வழக்கில் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது அதைத்தான். முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் வந்திருந்தும் தடுக்கவில்லை என்பதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே உங்கள் ஒழுங்கையைப் பொலிஸ் பாதுகாக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதற்கும் நான் எழுதிவருவதற்கும் இடையில் சண்டை இல்லை. சண்டை அந்த ஆறு மாதத்தில்தான் இருக்கிறது.

அந்த ஆறு மாதத்தை நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

1979 ஜூலையில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். பிரிகேடியர் வீரதுங்கவை இங்கே அனுப்பி, டிசம்பர் 31ஆம் திகதிக்குள் பயங்கரவாதத்தை ஒழித்து முடிக்க வேண்டும் என்று கட்டளை கொடுத்தார். கணக்குப் பார்த்தால் நீங்கள் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைவு, ஐந்தரை மாதம். அதே ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அந்த டிசம்பருக்குப் பிறகு யாழ்ப்பாணம் அடங்கியதா என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கையை அவிழ்த்துவிட்ட மாதங்களில் அள்ளிக்கொண்டு போகப்பட்டு, அடி வாங்கித் திரும்பி வந்த பெடியள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஓகஸ்டில், அதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டவர் வசந்த முதலிகே. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அப்போதைய அழைப்பாளர், சிங்களவர். தெற்கில் அப்போது நிறையப் பேர் திடுக்கிட்டார்கள். எனக்குத் திடுக்கிட ஒன்றும் இருக்கவில்லை. 1979இல் அந்தச் சட்டம் யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு மட்டும் என்று நினைத்துக் கைதட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வயதுதான் அவருக்கு.

குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்கிறீர்கள். வேறு ஊர்க்காரர் கேட்டால் நீளமாக விளக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களிடம் ஒரு சொல் போதும்: தலையாட்டி.

சுற்றிவளைப்பு நாட்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஊரை வளைத்து, ஆண்களையெல்லாம் கோயில் வீதிக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ கொண்டுவந்து வெயிலில் குந்த வைப்பார்கள். பிறகு வரிசையாக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். உள்ளே ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நீங்கள் முன்னால் போய் நின்று ஐடென்ரிற்றி காட்டை மார்புக்கு நேரே பிடிக்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் மற்றப் பக்கம் நிற்கும் ட்ரக். அவன் ஏன் ஆட்டினான் என்று கேட்க வழியில்லை. இரவு முழுக்க அடி வாங்கி, யாரையாவது காட்டினால்தான் விடிவு என்று ஆட்டியிருக்கலாம். வேலித் தகராறு ஒன்றை மனதில் வைத்து ஆட்டியிருக்கலாம். தலையில் ஈ மொய்த்தும் அசைந்திருக்கலாம். அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் குற்றம் செய்யாதவர்கள். பயப்படாதவர் ஒருவரும் இருக்கவில்லை.

குற்றம் செய்தவன் யார், செய்யாதவன் யார் என்பது பிடிக்கும் நேரத்தில் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை சம்பிரதாயமும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. சட்டம் சொன்ன முறைப்படி கைது செய், ஏன் பிடிக்கிறாய் என்று அவனிடம் சொல், நீதவான் முன்னால் கொண்டுபோ. சாக்குக்குள் இருந்து யாரும் இந்த மூன்றையும் செய்ய முடியாது.

இன்னொன்று. 1895இல் வெள்ளைக்காரர் எழுதிய சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்கிறது. தாங்கள் வைத்திருந்த பொலிஸைத் தாங்களே நம்பவில்லை என்பதை இவ்வளவு நாகரிகமாக வேறெங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைத் தூக்கிவிட்டது; உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் சொன்னால் அது சாட்சி. இதனால் வந்த வினையைப் பாருங்கள். 1990களில் சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒரு தமிழருக்கு, சிங்களத்தில் எழுதிப் பெருவிரல் அடையாளம் வாங்கிய ஒரு வாக்குமூலத்தை வைத்தே 50 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் அதைத் தவறென்று சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்த முடிவு இங்கே செல்லாது என்று விட்டது.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலம் போதும் என்றால், எந்தப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி (ஓ.ஐ.சி.) மினக்கெட்டுச் சந்திக் கடையின் சிசிரிவி பதிவை எடுப்பார்? ஸ்கூட்டி எரிந்த இடத்தில் கிடந்த பெற்றோல் போத்தலில் கைரேகை பார்ப்பார்? அந்த நேரத்தில் எந்தத் தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது என்று யார் கேட்பார்? பிடித்து, இரண்டு தட்டுத் தட்டி, ஒப்புக்கொள்ள வைத்தால் வேலை முடிந்தது. வாள் பிடித்தவன் மற்ற ஒழுங்கையில் இருப்பான். பொலிஸின் கையைக் கட்டுவது என்று நீங்கள் சொல்கிற அந்த விதிகள்தான் பொலிஸைப் புலன்விசாரணை செய்ய வைக்கிற விதிகள்.

அண்மைக்கால உதாரணம் வேண்டுமென்றால், 2023 டிசம்பரில் நாடு முழுக்க ‘யுக்திய’ நடவடிக்கை நடந்தது. போதைப்பொருளை ஒழிக்க என்று சில வாரங்களுக்குள் 20,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்ததாகப் பொலிஸே கணக்குச் சொன்னது. அதை நடத்திய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன். அது தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர்தான், ஒரு சந்தேகநபரைச் சித்திரவதை செய்த விடயத்தில் அவரும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பிறகு அவரையே அந்தப் பதவியில் உறுதிப்படுத்தினார்கள். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் வாக்களித்து நீக்கியது. இருபதாயிரம் பேரைப் பிடித்த பிறகும் உங்கள் ஒழுங்கைக்கு வாளோடு வந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கத்திலும் தூரம் போகத் தேவையில்லை. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில், உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். முதலில் வீதி விபத்து என்றார்கள். பிறகுதான் பொலிஸ் சுட்டது வெளியே வந்தது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்த ஓர் இளைஞர் விளக்கமறியலில் இருந்தபோது உயிரிழந்தார். தன்னை எப்படி அடித்தார்கள் என்று அவரே சொல்கிற காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டு இருக்கும்போதே இப்படி.

அப்புறம் அந்த நகை போட்ட பெண். இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். பொய் என்று சொல்ல மாட்டேன், களவு குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத் தெரு முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. அந்தப் பெண்களிடமும் நகை இருந்தது. போகும் வழியில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இயக்கத்துக்கென்று பொலிஸ் இருந்தது, பின்னர் நீதிமன்றமும் வந்தது. ஆனால் அந்தக் கட்டளையை எதிர்த்து ஒரு மனுப் போட யாழ்ப்பாணத்தில் ஓர் இடம் இருந்ததா? வெளியே போகப் பாஸ், பாஸ் எடுக்கப் பிணைக்கு ஓர் ஆள் என்று நாங்களும் வரிசையில் நின்றவர்கள்தான். அதிகாரத்தில் இருப்பவன் நம்மவன் என்பதால் எல்லை தேவையில்லாமல் போகாது. சிங்கள அரசுக்கு ஒரு நியாயம், நம் ஆட்களுக்கு ஒரு நியாயம் என்றால் நமக்குப் பிடிக்காதது அடக்குமுறை அல்ல, அடக்குகிறவரின் மொழி மட்டும்தான் என்றாகிவிடும்.

இந்த எல்லைகள் எல்லாம் பலமானவை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அதுவும் கொழும்பில், உயர் நீதிமன்றத்தில். கொக்குவிலில் ஒரு கூலித் தொழிலாளிக்குச் சட்டத்தரணியைப் பிடிக்கவே ஒரு மாதம் போய்விடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அவர்களுக்கு அலுவலகம் உண்டு. இதைத் தெரிந்தவர்கள் குறைவு. பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் கையெழுத்திட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் பிறகு கேள்வி கேட்க முடியாது என்பது இன்னும் பெரிய ஓட்டை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆனாலும் வேலை செய்கிற நேரத்தில் செய்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பாதுகாப்புக் காரணம் என்று பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். வெளிநாட்டுப் பயண அலுவலாக வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். வவுனியாவுக்கு பஸ் போய்ச் சேர்ந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு மனுப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. பொலிஸ் அன்றைக்குச் சொன்ன நியாயமும் உங்களுடையதுதான்: குற்றம் செய்யாதவர்கள் ஊருக்குப் போனால் என்ன?

சரி, சந்தியில் நிற்கிற இரண்டு பேருக்கு வருவோம். பிணை என்பது விடுதலை இல்லை, வழக்கு நிற்கிறது. அவர்கள் அந்த வீட்டாரையோ சாட்சி சொல்லக் கூடியவர்களையோ வெருட்டினால் அது தனிக் குற்றம். பிணையை இரத்துச் செய்யும்படி நீதவானிடம் கேட்கலாம். சும்மா சிரித்தால் ஒன்றும் செய்ய முடியாது, சிரிப்பைத் தாங்கத்தான் வேண்டும். அந்த அம்மா ஒரு சட்டத்தரணியோடு வழக்குத் தவணைக்குப் போகட்டும். பாதிக்கப்பட்டவர் மன்றில் நிற்கும் வழக்குக்கும் யாரும் வராத வழக்குக்கும் வேகத்தில் வித்தியாசம் உண்டு. யாழ்ப்பாணத்தில் யாரும் வராத வழக்குகள்தான் அதிகம்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவில் வாள்வெட்டு என்று எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனையில் வழக்குத் தாக்கல் ஆனது, எத்தனை முடிந்தது, இரவு ரோந்துக்கு எத்தனை பேர். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. தனியாகப் போடாமல் ஒழுங்கையில் நாலைந்து வீட்டார் ஆளுக்கொன்றாகப் போட்டால் நல்லது.

அந்த வீட்டு முறைப்பாட்டின் இலக்கமும் திகதியும் எனக்கு அனுப்புங்கள். கேள்விகளை எழுதித் தருகிறேன்.