மதுரையில் இரண்டு மணி பத்து நிமிடம்

கேள்வி: எனக்கு வயது 59. வங்கிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று சென்னையில் வசிக்கிறேன். சிறு வயதிலிருந்தே விமானம் என்றால் உயிர். ஊர் பார்ப்பதற்காக அல்ல, பறப்பதற்காகவே, ஒரே நாளில் சென்னை–மதுரை–பெங்களூரு–கொச்சி–சென்னை என்று நான்கு விமானங்களில் ஏறி இறங்கி இரவு வீடு திரும்பத் திட்டமிட்டிருக்கிறேன். முதல் இரண்டும் ஏடிஆர் என்னும் சிறிய சுழலி விமானங்கள். வெயில் விழாத பக்கமாகப் பார்த்துச் சன்னலோர இருக்கைகளையும் குறித்து வைத்துவிட்டேன். நான்கும் தனித்தனி டிக்கெட். மொத்தம் ஏறத்தாழ 17,000 ரூபாய். மதுரையில் 2 மணி 10 நிமிட இடைவெளி இருக்கிறது. அம்மா (84) விமான நிலையத்துக்கு அருகே அவனியாபுரத்தில் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். சொன்னால் வந்துவிட்டுப் போ என்பார் என்பதால் சொல்லவில்லை. பசிபிக் கடலில், ஹவாயின் ஹொனலூலுவிலிருந்து குவாம் தீவு வரை தீவு தீவாக இறங்கிச் செல்லும் விமானத்தில் ஒருநாள் போக வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. மனைவியோ, போகாத ஊருக்கு வழி தேடுகிறீர்கள் என்று கேலி செய்கிறார். நான் செய்வது பைத்தியக்காரத்தனமா?
– வாசகர், சென்னை

பதில்: பைத்தியக்காரத்தனம் இல்லை. 2020இல் பெருந்தொற்றால் ஆஸ்திரேலியாவின் எல்லைகள் மூடிக் கிடந்தபோது, சிட்னியில் கிளம்பி ஏழு மணி நேரம் வானத்தில் சுற்றிவிட்டுச் சிட்னியிலேயே வந்து இறங்கும் பயணம் ஒன்றைக் குவாண்டாஸ் நிறுவனம் அறிவித்தது. பத்தே நிமிடத்தில் எல்லா டிக்கெட்டும் விற்றுப்போயின. உங்களைப் போன்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 17,000 ரூபாய் வீண் செலவா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு வேலை இல்லை.

எனக்கு வேலை இருப்பது, உங்கள் கடிதத்தில் மதுரைக்கும் ஹொனலூலுவுக்கும் நடுவே நீங்கள் நழுவவிட்டுப் போன அந்த ஒற்றை வரியில்தான். எந்த ஊருக்கு எந்த விமானம், எந்தப் பக்கத்தில் வெயில், எங்கே எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் ஒரு கணக்கரின் ஒழுங்கோடு எழுதிய நீங்கள், பெற்ற தாயின் வீட்டுக்கு அருகே இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கப் போவதையும், அதை அவரிடமிருந்து மறைக்கப் போவதையும், இடைவெளி நேரத்தைப் பற்றிய ஒரு தகவலைப் போல எழுதிவிட்டு அடுத்த ஆசைக்குப் போய்விட்டீர்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இதே சங்கதியை எத்தனையோ வேடங்களில் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்தவர் அம்மாவைப் பார்க்காமல் திரும்பியிருப்பார். அலுவலக வேலையாக வந்தவர் விடுதியில் தங்கிவிட்டுப் போயிருப்பார். அவர்களுக்காவது ஒரு வேலை இருந்தது. உங்களுக்கு எந்த வேலையும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நேரம் போதாது என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்; அந்த மட்டில் நீங்கள் சொல்வது சரிதான். விமானம் குறித்த நேரத்தில் இறங்கினாலும் வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும். அடுத்த விமானத்தின் வாசலைப் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் முன்னதாக நீங்கள் நிலையத்துக்குள் இருந்தாக வேண்டும். ஆட்டோவிலோ காரிலோ போய்வரும் நேரத்தைக் கழித்தால் வீட்டில் உட்கார அரை மணி நேரம்கூட மிஞ்சாது. எண்பத்து நான்கு வயதுத் தாய் எழுந்து வந்து, முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். அப்படி ஒரு வருகையை நான் பரிந்துரைக்கவில்லை. அது போகாமல் இருப்பதைவிட மோசம். ஆனால் இந்த 2 மணி 10 நிமிடம் யாரோ உங்கள் தலையில் கட்டியதா? நான்கு டிக்கெட்டையும் நேரம் பார்த்துக் கோத்தவர் நீங்கள்தானே?

உங்கள் கனவு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். ஹொனலூலுவில் கிளம்பும் அந்த போயிங் 737, மஜுரோ, குவாஜலைன், கோஸ்ரே, போன்பே, சூக் என்று பசிபிக் தீவுகளில் இறங்கி ஏறி, கிழமைக்கேற்ப ஓரிரு நிறுத்தங்கள் மாறினாலும், நாளின் பெரும்பகுதியைக் கழித்துக் குவாம் போய்ச் சேர்கிறது. 1968இல் தொடங்கிய வழித்தடம் அது. உங்களைப் போன்ற ஆர்வலர்கள் அதில் ஒரு சிலர்தான். மற்றவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மார்ஷல் தீவுகளும் மைக்ரோனேசியாவும் 1986இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவோடு இணக்க உறவில் இருக்கின்றன. அத்தீவுகளின் மக்கள் விசா இல்லாமல் அமெரிக்காவில் போய் வேலை பார்க்கலாம். ஆகவே ஹவாயிலும் குவாமிலும் பிழைக்கப் போன பிள்ளைகள் வீட்டுக்கு வருவதும், ஊரில் இருப்பவர்கள் வைத்தியத்துக்குப் போவதும், சாவுக்கு வந்து சேர்வதும் பெரும்பாலும் அந்த விமானத்தில்தான். நீங்கள் சன்னலில் முகம் வைத்துப் பவளத்திட்டை ரசிக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ ஒருவர் தன் தாய் வீட்டுக்கு இறங்குகிறார். குவாஜலைனில் மட்டும், அது அமெரிக்க ராணுவத் தளம் என்பதால், அங்கே அனுமதி இல்லாத பயணிகள் விமானத்தை விட்டு இறங்கக்கூடாது. மதுரையில் உங்களை எந்த ராணுவமும் தடுக்கவில்லை.

தூரத்தையும் காரணமாகச் சொல்லாதீர்கள். மதியம் எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் இரவு மதுரையில் இறங்கலாம். 1977 முதல் அந்த ரயில் ஓடுகிறது. கடைசியாக எப்போது அம்மாவைப் பார்த்தீர்கள் என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

மறைத்துவிட முடியும் என்ற நம்பிக்கை வேறு. ஏடிஆர் விமானத்தில் இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள ஊரெல்லாம் தடையின்றித் தெரியும். அதை நீங்கள் படம் எடுப்பீர்கள், எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வைக்காமல் இருக்க மாட்டீர்கள். அதைத் தம்பி பார்ப்பார், தம்பி மனைவி பார்ப்பார். பிள்ளை மதுரை வரை வந்து திரும்பிய செய்தி அம்மாவுக்கு இன்னொருவர் கைப்பேசி வழியாகப் போகும். அதன் பிறகு அவர் உங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார். அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் கேட்பதில்லை. நாமும் அதை வசதியாக எடுத்துக்கொள்கிறோம்.

தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 84 வயதுத் தாயை வைத்துப் பார்ப்பவர்களுக்கு வெளியூர் இல்லை, விசேஷ வீடு இல்லை, சேர்ந்தாற்போல் ஓர் இரவு நிம்மதியான தூக்கமும் பெரும்பாலும் இல்லை. மூத்த பிள்ளையோ இளைய பிள்ளையோ, தாய் தந்தையரைப் பார்க்கும் பொறுப்பு அவர்கள் யார் வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறிவிடுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. பணம் அனுப்புகிறேன் என்று பதில் எழுதாதீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

எனவே செய்ய வேண்டியது இது. மதுரை–பெங்களூரு டிக்கெட்டை நான்கு நாள் தள்ளிப் போடுங்கள். பின்னால் வரும் இரண்டும் அதோடு சேர்ந்து நகரட்டும். தனித்தனி டிக்கெட்டாக வைத்திருப்பதால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது என்ற ஆபத்து எப்படியும் இருந்தது. மதுரையில் அந்தத் தலைவலியும் தீரும். மாற்றுக் கட்டணம் உங்கள் செலவு. இன்றே தம்பியைக் கூப்பிட்டு, அந்த நான்கு நாளும் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மனைவி பிள்ளைகளோடு எங்காவது போய் வா என்று சொல்லுங்கள். அம்மாவின் மாத்திரை வேளைகளை, உங்கள் இருக்கை எண்களை எழுதிய அதே கவனத்தோடு, தம்பி மனைவியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சமைக்கத் தெரியாவிட்டால் உங்கள் மனைவியை உடன் அழைக்கலாம். ஆனால் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கக் கூடாது.

இதைப் படித்ததும் உற்சாகமாகி, அம்மாவையும் விமானத்தில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அது உங்கள் ஆசை. அவராக ஒருநாள் கேட்டால் அப்போது சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து அழைத்துப் போங்கள்.

பெங்களூரு, கொச்சி பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.