பேய் வராத படங்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் சினிமா கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பேய்ப் படம் பிடிக்கும். தொலைக்காட்சியில் ‘காஞ்சனா’ போட்டால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துவிடுவோம். ஏழு வயது மகள், பேய் எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் சமீபத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. நண்பர் ஒருவர் சொல்லி, ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ படத்தை இரவில் தனியாகப் பார்த்தேன். ஒரு குடும்பம், தோட்டம், குழந்தைகள், நீச்சல் குளம், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இருக்கிறது என்றாலும், அங்கே நடப்பது எதையும் காட்டவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இன்னொன்று, குழந்தைகள் படம்தானே என்று மகளுக்குப் பழைய ‘பினோக்கியோ’வைப் போட்டுக் கொடுத்தேன். பையன்கள் கழுதையாகிற இடத்தில் அழ ஆரம்பித்தவள், “அந்தப் பையன்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?” என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

படத்தைச் சொன்ன நண்பரோ, “அது படம் தந்த பயம் இல்லை. உனக்கு ஆஷ்விட்ஸ் பற்றித் தெரியும், அதனால் பயந்தாய். தெரியாதவனுக்கு அது வெறும் குடும்பப் படம்” என்கிறார். பேய்ப் படம் என்று யாரும் சொல்லாத படங்கள் ஏன் இப்படிப் பயமுறுத்துகின்றன? நண்பர் சொல்வது சரியா? மகளுக்கு என்ன சொல்ல?

எஸ்.,
கோவில்பட்டி

*

அன்புள்ள எஸ்.,

‘காஞ்சனா’விலிருந்தே தொடங்குகிறேன். விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படத்தில் பேய் யார்? நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. முதல் பாதியில் அவளைப் பார்த்துப் பயப்படுகிறோம். பின்கதை வந்ததும் அவளுக்காக அழுகிறோம். கடைசியில் அவள் ஜெயிக்க வேண்டும் என்று கை தட்டுகிறோம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2007இல் வந்த ‘முனி’யும் இதே தடத்தில் போன படம்தான். நம் ஊர்ப் பேய்ப் படங்களில் பெரும்பாலானவற்றில் பேய் ஒரு மனுதாரர். போலீஸ் வாங்காத புகாரை, எந்தக் கோர்ட்டும் எடுக்காத வழக்கை, செத்த பிறகு தானே வந்து நடத்திக்கொள்கிறது.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. பழையனூர் நீலி என்ன செய்தாள்? முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வந்தபோது, நடுக்காட்டில் அவன் கழுத்தை நெரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் போய் நின்று, ‘இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்’ என்று முறையிட்டாள். சபை அவளை நம்பித் தீர்ப்புச் சொன்னது. அன்றிரவே வணிகனைக் கொன்றாள். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். குற்றமற்ற எழுபது பேர் எதற்குச் சாக வேண்டும் என்பது தனி வழக்கு. ஆனால் பேய்கூடச் சபைக்கு வந்து நியாயம் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பக்கத்துக் கிராமங்களில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் தெய்வமாகிப் பீடத்தில் நிற்பதற்கும் அடியில் இதே நம்பிக்கைதான் இருக்கிறது. செத்தவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

ஆக, நம் பேய் வருவது பயமுறுத்த என்று வெளியே சொல்லிக்கொள்கிறோமே தவிர, உள்ளே அது பெரிய ஆறுதல். உங்கள் மகள் சிரிப்பதில் வியப்பில்லை. கணக்கு கடைசியில் நேராகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

உங்களைத் தூங்கவிடாத படங்களில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. எனக்குத் தெரிந்தவரை விஷயம் இதுதான். அப்படியானால் எல்லாச் சோகப் படமும் பயமுறுத்த வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். சோகப் படத்தில் ஒருவர் இறந்தால் படமே அவருக்காக நின்றுவிடுகிறது. ஒப்பாரி உண்டு, பாட்டு உண்டு, மற்றவர் முகங்கள் வாடுவது உண்டு. நான் சொல்கிற படங்களில் எதுவும் நிற்பதில்லை. உலை கொதிக்கிறது, கடிகாரம் ஓடுகிறது, அலுவலகத்தில் கோப்பு நகர்கிறது.

கடிகாரம் என்றதும் எனக்கு ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் ஜெர்மனியில் எடுத்த ‘எம்’ படத்தின் முதல் சில நிமிடங்கள் நினைவுக்கு வருகின்றன. குழந்தைகளைக் கொல்கிற ஒருவனைப் பற்றிய படம். பெர்லினில் ஓர் அடுக்குமாடி வீடு. அம்மா துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். சுவரில் குயில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. பள்ளி விடும் நேரம். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் தட்டு வைக்கிறாள். தெருவில் அவள் மகள் எல்ஸி பந்தைத் தட்டிக்கொண்டே வருகிறாள். சாலையைக் கடக்க ஒரு போலீஸ்காரர் உதவுகிறார். அறிவிப்புத் தூண் ஒன்றின் மீது பந்தை அடித்து அடித்துப் பிடிக்கிறாள். அந்தத் தூணில் ஒட்டியிருப்பது கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்தாயிரம் மார்க் பரிசு என்ற சுவரொட்டி. அதன் மேல் ஒரு தொப்பியின் நிழல் விழுகிறது. ‘உன் பந்து அழகாக இருக்கிறதே’ என்று ஒரு குரல். அவன் அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான்.

அந்தக் காட்சியில் பிறகு லாங் அவனைக் காட்டவே இல்லை. வீட்டைக் காட்டுகிறார். மற்றக் குழந்தைகள் படியேறி வருகிறார்கள், எல்ஸி வரவில்லை. வாசல் மணி அடிக்கிறது, அம்மா ஓடுகிறாள். தொடர்கதை விற்க வந்த ஆள். அவரிடமும் கதையை வாங்கிக்கொண்டு, எல்ஸியைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். மறுபடி கடிகாரம். ஜன்னலில் நின்று ‘எல்ஸி’ என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரல் மட்டும் தொடர்கிறது. திரையில் ஆளில்லாத மாடிப்படிச் சுழல், துணி உலரும் பரண், மேசையில் யாரும் தொடாத தட்டு. ஒரு புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் தந்திக் கம்பிகளில் சிக்கித் துடித்து, விடுபட்டுப் போகிறது.

பின்னணி இசை கிடையாது. இதே காட்சியை இன்றைக்கு எடுப்பவர்கள் வயலினை அலறவிட்டுக் கெடுத்துவிடுவார்கள். லாங்குக்கு இதுதான் முதல் பேசும் படம். ஒலி கைக்கு வந்த உடனேயே, எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் படத்தில் நீதிமன்றம் ஒரு முறை அல்ல, இரண்டு முறை கூடுகிறது. போலீஸ் தொல்லை தாங்காத திருடர்களே கொலைகாரனைப் பிடித்து, ஒரு பாழடைந்த கட்டடத்தில் வைத்து விசாரிக்கிறார்கள். பிறகு அரசாங்க நீதிபதிகள் வந்து அமர்கிறார்கள். தீர்ப்பு நம் காதுக்கு வருவதற்குள் காட்சி மாறி, குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். இதனால் எங்கள் குழந்தைகள் உயிரோடு வந்துவிடப் போவதில்லை என்கிறாள் எல்ஸியின் அம்மா. நீலிக்குச் சபையிடம் ஒரு வேலை இருந்தது. இவளுக்கு எந்தச் சபையாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தமிழில் இந்த வரிசைக்கு ஒரு படம் சொல் என்றால் யோசிக்காமல் ‘விசாரணை’ என்பேன். ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் குண்டூரில் தான் பட்ட லாக்கப் அனுபவத்தை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. முதல் பாதியில், ஆந்திரப் போலீஸிடம் சிக்கிய தமிழ்ப் பையன்கள் மீது விழும் அடிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த அடிகள் வலித்தன, பயமுறுத்தவில்லை. ரத்தத்தைக் காட்டி நடுங்கவைப்பது பெரிய வித்தையும் அல்ல.

பயம் இரண்டாம் பாதியில் வருகிறது. பிழைத்து ஊர் திரும்பும் பையன்களை, அவர்களுக்கு உதவிய தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் தன் ஸ்டேஷனைச் சுத்தம் செய்து கொடுக்கச் சொல்கிறார். அடியும் இல்லை, மிரட்டலும் இல்லை. துடைப்பத்தை எடுத்துக் கூட்டுகிறார்கள், கழுவிவிடுகிறார்கள். அதே கட்டடத்தில் வேறொரு அறையில் ஓர் ஆடிட்டரின் கதை முடிகிறது. அதை எப்படி எழுதிச் சரிக்கட்டுவது என்று அதிகாரிகள் பேசிக்கொள்வது இவர்கள் காதில் விழுந்துவிடுகிறது. அந்த உரையாடலில் கோபம் கிடையாது. கேஸை எப்படி முடிப்பது என்கிற அலுவலகக் கவலை மட்டுமே இருக்கிறது. கூட்டிப் பெருக்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் ஓர் உருப்படியாகச் சேர்கிறார்கள். அவர்கள் எந்த மரத்திலிருந்தும் திரும்பி வந்து யாரையும் கேட்கப்போவதில்லை. படம் முடிந்து தியேட்டருக்கு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுகிற காக்கிச் சட்டை போதும்.

இனி உங்கள் நண்பருக்கு. ஆஷ்விட்ஸ் பற்றித் தெரியாதவனுக்கு அந்தப் படம் குறைவாகவே வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அதைக் குறை போலச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதன் இயக்குநர் ஜொனாதன் கிளேசர் அந்த அறிவை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, காதுக்கு வேலை கொடுத்திருக்கிறார். மதிலுக்கு அப்பாலிருந்து ஓயாத ஓர் இரைச்சல், இடையிடையே துப்பாக்கி, கத்தல், நாய். ஒலிக்காகவே 2024இல் ஆஸ்கர் கிடைத்தது. வீட்டுக்குள் காமிராக்களை மறைத்து வைத்து, படப்பிடிப்புக் குழுவை வெளியே அனுப்பிவிட்டு நடிகர்களை நடமாடவிட்டார். அதனால்தான் நெருங்கிய காட்சி என்று அதிகம் இல்லாமல், யாரோ பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்ப்பது போலவே படம் முழுக்க இருக்கிறது.

வரலாறே தெரியாத ஒருவரை உட்கார வையுங்கள். வீட்டுக்கார அம்மாளுக்கு ஒரு ரோமக் கோட்டு வந்து சேர்கிறது. கண்ணாடி முன் போட்டுப் பார்க்கிறாள். பையில் கை விட்டால் உபயோகித்த உதட்டுச் சாயம். அதைத் தன் உதட்டில் பூசிப் பார்க்கிறாள். கோட்டு யாருடையது? படம் சொல்வதில்லை. இரவில் அவள் பையன் படுக்கையில் விளக்கு வைத்துக்கொண்டு எதையோ அடுக்கிப் பார்க்கிறான், அவை பற்கள். முகாமின் தலைவன் ரூடால்ஃப் ஹெஸ் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதப்படுகிறது. லைலாக் செடிகளில் பூ பறிக்கிறேன் என்று கிளைகளை நாசம் செய்யும் காவலர்களுக்குத் தண்டனை உண்டாம். செடி மீது அவ்வளவு கரிசனம். இவற்றுக்கு நடுங்க ஐரோப்பிய வரலாற்றில் பட்டம் வேண்டியதில்லை. அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வரும் பாட்டி, அதாவது வீட்டுக்கார அம்மாளின் தாய், முதல் நாள் தோட்டத்தைப் புகழ்கிறாள், இரவில் ஜன்னலில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்க்கிறாள், பிறகு ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள். அவள் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தை மகள் படித்துவிட்டு அடுப்பில் போடுகிறாள். பேய் வீட்டுக் கதைகளில் பாதியில் ஓடிவிடும் விருந்தாளி எப்போதும் உண்டு. இங்கே அவள் ஓடியது மற்றவர்கள் நிம்மதியாக வாழும் வீட்டை விட்டு.

நண்பருக்கு ரஷ்ய இயக்குநர் எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’யையும் காட்டுங்கள், 1985இல் வந்தது. போர்ப் படம் என்றுதான் பட்டியலில் இருக்கும். 1943, பெலாரஸ். ஒரு சிறுவன் ஒரு பெண்ணோடு தன் வீட்டுக்குத் திரும்புகிறான். அம்மாவும் தங்கைகளும் இல்லை. அடுப்பில் இருந்த சூப் சூடு ஆறவில்லை. அவன் ஊற்றித் தருகிறான், அவள் குடிக்கிறாள். ஈக்கள் மொய்க்கும் சத்தம் அதிகமாகிக்கொண்டே போகிறது. தரையில் பொம்மைகள் கிடக்கின்றன. எங்கே ஒளிந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று அவன் ஓடுகிறான். பின்னால் ஓடும் பெண் மட்டும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரோரம் குவிந்து கிடப்பது யார் என்று அவளுக்கும் நமக்கும் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவள் வாய் திறக்காமல் ஓடுகிறாள். சூப்பின் சூட்டுக்கு என்ன அர்த்தம் என்று புரிய ஒருவருக்கு எந்த வரலாறும் தெரிந்திருக்க வேண்டாம். ஆனால் இந்தப் படத்தை இரவில் தனியாகப் பார்க்க வேண்டாம், உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக உங்கள் மகள். டிஸ்னி நிறுவனம் 1940இல் வெளியிட்ட அந்தப் படத்தின் ஓட்டையை அவள் சரியாகப் பிடித்திருக்கிறாள். பொய் பேசினால் மூக்கு நீளும், அப்பா திமிங்கிலத்திடமிருந்து மீட்கப்படுகிறார், பொம்மை நிஜப் பையனாகிறது, எல்லாம் சரி. ஆனால் ஆசை காட்டித் தீவுக்கு அழைத்துப் போய்க் கழுதைகளாக்கி, உப்புச் சுரங்கத்துக்கும் சர்க்கஸுக்கும் விற்கப்பட்ட பையன்கள்? ‘அம்மா’ என்று கதறிக்கொண்டே கழுதையான, பினோக்கியோவின் அந்தத் தோழன்? கதை அவர்களை மறந்துவிடுகிறது. ஒருவரும் மீட்கப்படுவதில்லை. அவர்களைத் தீவுக்கு அழைத்துப் போன வண்டிக்காரன் தண்டிக்கப்படுவதும் இல்லை, அவன் பாட்டுக்குத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருப்பான். காஞ்சனா கட்டாயம் திரும்பி வருவாள் என்று பழகிய குழந்தைக்கு இது எப்படிப் பொறுக்கும்?

அவர்களும் பிறகு பையன்களாகிவிட்டார்கள் என்று கதை கட்டாதீர்கள். மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்து, அப்பா பொய் சொன்னார் என்று கண்டுபிடித்துவிடுவாள். படத்தில் அதைச் சொல்லவில்லை, எனக்கும் அது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த வண்டிக்காரன் மேல் அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும், நீங்களும் சேர்ந்து திட்டுங்கள்.

மூலக் கதையில் பதில் இருக்குமா என்று தேடிப் போகிறவராக இருந்தால் ஒரு வார்த்தை. கார்லோ கொல்லோதியின் இத்தாலிய நாவல் 1883இல் புத்தகமாக வந்தது. அதில் அந்தத் தோழன் என்ன ஆனான் என்று தெளிவாகவே இருக்கிறது. ஒரு விவசாயியின் தொழுவத்தில், வேலை செய்து செய்து ஓய்ந்த கழுதையாக, பினோக்கியோவின் கண்முன்னே செத்துப்போகிறான். புத்தகத்தை நீங்கள் படியுங்கள். அவளுக்கு இப்போது வேண்டாம்.

அன்புடன்.