புதுக் குழாய் எக்கோவில் தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. அஞ்சியோகிராமில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் ஒரு குழாய் முழுதாக அடைபட்டிருந்தது. "பக்கக் குழாய்கள் வந்திருக்கின்றன" என்று சொல்லி மருந்தோடு அனுப்பினார்கள். போன மாதத்து எக்கோ அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குமிழி ஊசி போட்டு ஸ்கான் எடுத்தால் புதுக் குழாய்கள் தெரியும், கொழும்புக்குக் கூட்டிப்போ என்கிறார் கனடா மாமா. போகவா?
– ஒரு மகள், ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, அறிக்கை எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கான்தான் எக்கோ. சாதாரண எக்கோ தசை சுருங்கி விரிவதையும் வால்வுகளையும் காட்டும். தசைக்குள் ஓடும் நுண்குழாய் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குதான். அது எக்கோவுக்கு எட்டாது.

மாமா சொல்லும் குமிழிகள் உண்மையானவை. சிவப்பணுவைவிடச் சிறியவை, உள்ளே வாயு, வெளியே கொழுப்பாலோ புரதத்தாலோ ஆன மெல்லிய உறை. கைநரம்பில் ஏற்றினால் நுண்குழாய்வரை இரத்தத்தோடு போய், ஒலியலை பட்டதும் மின்னும். என் அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். துருசு திறந்தால், கடைசி வயலுக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரமாகிறது என்று வரம்பில் நின்று பார்ப்பார். இதுவும் அதே வேலைதான். பலத்த ஒலியலையால் தசையிலுள்ள குமிழிகளை ஒரேயடியாக உடைப்பார்கள், திரை இருண்டுவிடும். பிறகு புதிய குமிழிகள் வந்து நிரம்பும் வேகத்தை அளப்பார்கள். ஓய்வாகப் படுத்திருப்பவருக்கு நல்ல தசை சுமார் 5 செக்கனுக்குள் நிரம்பிவிடும்.

ஆனால், தண்ணீர் வந்ததா என்றுதான் இது சொல்லும். வந்தது புது வாய்க்காலாலா, பழையதை அகட்டியதாலா என்று சொல்லாது. அப்பாவின் பக்கக் குழாய்களும் பெரும்பாலும் புதிதாக முளைத்தவை அல்ல. பிறவியிலேயே இருந்த மெல்லிய இணைப்புகள் அடைப்புக்குப் பின் அகன்றவை. புதுக் குழாயின் சுவரில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் குமிழிகளை விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். இதய நோயாளிக்கு வழமையாகச் செய்யும் பரிசோதனை அல்ல அது.

"அப்பாவுக்கு இப்போது சுகம், ஆகவே குழாய் வளர்ந்துவிட்டது" என்ற கணக்கிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. குழாய் வளர்க்கும் புரதத்தை 178 நெஞ்சுவலி நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. 60ஆம் நாள் நடக்கவிட்டுப் பார்த்தபோது, மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களும் மருந்து பெற்றவர்களுக்குச் சமமாகவே முன்னேறியிருந்தார்கள். அதனால் குழாய் வளர்க்கும் கசாயம் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம்.

இதற்காக மட்டும் கொழும்புப் பயணம் தேவையில்லை. அடுத்த கிளினிக்குக்குப் பழைய எக்கோ, புதிய எக்கோ இரண்டையும் கொண்டுபோங்கள். இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் சதவீதம் இரண்டிலும் இருக்கும். கூடியதா குறைந்ததா என்று கேளுங்கள். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு இறுகினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மாத்திரையை அவராக நிறுத்தவிடாதீர்கள். வீட்டுப் படலையிலிருந்து குளக்கட்டுவரை நிற்காமல் நடக்கிறாரா, எந்த இடத்தில் நெஞ்சைப் பிடிக்கிறார் என்று பார்த்து, திகதி போட்டுக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.