அந்த 13 வருடங்கள்

அன்புள்ள ஐயா,

புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் வருடம். லியோ பிரைமன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க ஒரு வருத்தம் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவுக் கோட்பாட்டில் நல்ல பெயரோடு இருந்தவர், வேலையை விட்டுவிட்டு 13 வருடம் வெளியே ஆலோசகராக இருந்திருக்கிறார். நாற்பதுகள் முழுவதும் வீண். அது நடக்காமல் இருந்தால் அவருடைய ரேண்டம் ஃபாரஸ்ட் (ஆம்-இல்லை கேள்விகளால் கிளை பிரியும் மரங்கள் பலவற்றைச் சேர்த்துக் கணிக்கும் முறை) முப்பது வருடம் முன்பே வந்திருக்குமே என்று தோன்றுகிறது.

எனக்கும் ஒரு நிறுவனத்தில் மெஷின் லேர்னிங் வேலை கிடைத்திருக்கிறது. போனால் ஆய்வில் இடைவெளி விழும் என்கிறார் நெறியாளர். என் முறை கணினியில் உருவாக்கிய தரவில் மிக நன்றாக வேலை செய்கிறது, இன்னும் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். போகலாமா? புள்ளியியலுக்கு இனி எதிர்காலம் உண்டா? நிரல்மொழிகளில் ஆர் படிப்பதா, பைத்தான் படிப்பதா?

ம.

*

அன்புள்ள ம.,

ஆர், பைத்தான் இரண்டையும் படியுங்கள். எதிர்காலம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். மழையையும் விளைச்சலையும் நோயையும் முன்கூட்டியே முழுதாக அறிய முடியாத வரைக்கும் புள்ளியியல் இருக்கும். இன்றே பதில் எழுதுவதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் இருக்கும் 'வீண்' என்ற சொல். பிரைமன் 2001இல் எழுதிய 'இரு பண்பாடுகள்' கட்டுரையை ஒரு வாரமாகத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கூடவே என் அப்பாவின் ஞாபகமும் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இப்படி ஒரு சொல்.

அந்த 13 வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அப்படி எழுத மனம் வந்திருக்காது.

அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் லட்சக்கணக்கான கார்கள் கிளம்பும். மேலே வெப்பக்காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்திருக்கும், புகைக்கு வெளியேற வழி கிடையாது. வெயில் ஏறியதும் அந்தப் புகையிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓசோன் உருவாகிவிடும். மிக மோசமான நாட்களில் அரசு ஊழியர்களைக் கார் ஓட்டி வராதீர்கள் என்பார்கள், பிள்ளைகளை மைதானத்துக்கு விடமாட்டார்கள். எச்சரிக்கை அன்று காலையில்தான் வரும். 12 மணி நேரம் முன்பே சொல்ல முடியுமா என்று பார்க்க, 1970களின் நடுவில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பணம் ஒதுக்கியது. அந்த வேலையில் பிரைமன் இருந்தார்.

ஆரிகன், அரிசோனா வரைக்கும் உள்ள வானிலை நிலையங்களின் அளவீடுகள் வந்தன. 450க்கும் மேற்பட்ட மாறிகள், ஏழு வருடத் தரவு. முதல் ஐந்து வருடத்தை வைத்து மாடலை உருவாக்கினார்கள். கடைசி இரண்டு வருடத்தைத் தொடாமல் எடுத்து வைத்தார்கள். ஓசோன் அளவை மற்ற மாறிகளோடு இணைக்கும் பெரிய பெரிய ரிக்ரஷன் சமன்பாடுகள் போட்டு, மாறிகளைச் சலித்து, வர்க்க உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து அந்த இரண்டு வருடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், பொய் எச்சரிக்கை தாங்கவில்லை. திட்டம் தோல்வி. பிரைமன் அதைத் தோல்வி என்றே எழுதியிருக்கிறார். இன்றைய கருவிகளோடு அதை மறுபடி செய்ய முடியவில்லையே என்ற வருத்தத்தையும் எழுதியிருக்கிறார்.

இதற்குப் பெயர் வீணா, ம.? பல்கலைக்கழகத்திலேயே இருந்திருந்தால் அவருடைய தேற்றங்கள் ஒன்றுகூட தோற்றிருக்காது. தோற்க வழியே இல்லாத இடம் அது. வெளியே வந்ததால்தான் நம்முடைய மாடலை ஒரு ஊரின் காற்று ஏற்றுக்கொள்ளாமல் போகும் என்று அவருக்குத் தெரிந்தது.

அப்புறம் குளோரின் வேலை. ஒரு சேர்மத்தில் குளோரின் இருக்கிறதா என்று அதன் நிறை நிறமாலையை (மூலக்கூற்றை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளந்த பதிவை) வைத்துச் சொல்ல வேண்டும். கையில் 30,000 சேர்மங்களின் தரவு. வழக்கமான முறைகள் உதவவில்லை. 1,500 ஆம்-இல்லை கேள்விகளைத் தயாரித்து கேள்விக்குக் கேள்வி கிளை பிரிந்து முடிவுக்குப் போகும் ஒரு தீர்மான மரத்தில் கொடுத்தார்கள். 95 சதவீதம் சரியாக வந்தது.

1980இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போகிறார். அங்கே புள்ளியியல் இதழ்களைப் புரட்டினால் ஒவ்வொரு கட்டுரையும் 'தரவு இந்த மாடலிலிருந்து வந்ததாகக் கொள்வோம்' என்றே தொடங்குவதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. 1984இல் ஃப்ரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் மூவரோடும் சேர்ந்து தீர்மான மரங்களைப் பற்றிய நூல். 1996இல் பேக்கிங் (தரவிலிருந்து பல மாதிரிகள் எடுத்துப் பல மாடல்களைச் சேர்க்கும் முறை), அப்போது வயது 68. ரேண்டம் ஃபாரஸ்ட் கட்டுரை 2001இல், 73 வயதில். முப்பது வருடம் முன்பே வந்திருக்கும் என்கிறீர்கள். நூற்றுக்கணக்கான மரங்களை வளர்க்க அந்தக் காலத்துக் கணினி இடம் கொடுத்திருக்குமா? யோசனையும் அவர் ஒருவருடையதாக வரவில்லை. டின் காம் ஹோ என்ற கணினி ஆய்வாளர் 1995இலும் அமித், கெமான் இருவரும் 1997இலும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அமித்-கெமான் கட்டுரை தன் சிந்தனையைப் பாதித்தது என்று பிரைமனே எழுதியிருக்கிறார்.

ரேண்டம் ஃபாரஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு இடத்தில் நில்லுங்கள். எடுத்ததைத் திருப்பிப் போட்டு மறுபடி மறுபடி எடுத்து ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மாதிரி தருகிறோம். சுமார் மூன்றில் ஒரு பங்கு தரவு அந்த மரத்தின் கண்ணில் படாமலே போகும். அந்தப் பங்கை வைத்தே மரம் சரியா தவறா என்று பார்க்கலாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு லாஸ் ஏஞ்சலஸில் தொடாமல் எடுத்து வைத்த அந்த இரண்டு வருடம்தான் ஞாபகம் வரும்.

அப்பா வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக இருந்தார். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு என்னையும் சில தடவை கூட்டிப்போவார். கயிறு, முளைக்குச்சி, தராசு, ஒரு ரேண்டம் எண் அட்டவணை. அட்டவணை சொல்லும் இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து அடித்து எடை போட வேண்டும். ஒரு வருடம் மழை பொய்த்துவிட்டது. வயலில் முக்கால்வாசி மணி பிடிக்காத சாவி. அட்டவணை காட்டிய எண்கள் வாய்க்கால் ஓரத்தில், கொஞ்சம் விளைந்திருந்த மூலையில் போய் விழுந்தன. "பத்தடி தள்ளி அடிங்க சார், உங்களுக்கு என்ன போகுது" என்று வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் கேட்டார். விளைச்சல் குறைவு என்று பதிவானால்தான் அவருக்கு நிவாரணம். அப்பா முளைக்குச்சியை அங்கேயே அடித்தார். இரவு அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "இந்த ஒரு சதுரத்தை நகத்துனா மத்த எதையும் நம்ப முடியாது" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

அதே அப்பாவிடம் பிற்பாடு ஒரு மேலதிகாரி, எவ்வளவு வர வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் வயலுக்குப் போகச் சொன்னார். அப்பா போய் அளந்ததை எழுதினார். தொலைதூர ஊருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் மாறினோம்.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் முறை கணினியில் உருவாக்கிய தரவில் நன்றாக வேலை செய்கிறது என்கிறீர்கள். அந்தத் தரவை உருவாக்கியது யார்? நீங்கள். எந்த மாடலிலிருந்து? நீங்களே வைத்த அனுமானங்களிலிருந்து. கேள்வித்தாளையும் எழுதி விடைத்தாளையும் எழுதிவிட்டு நூற்றுக்கு நூறு என்கிறீர்கள். மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது உங்கள் முறை தோற்கக்கூடிய ஓர் இடத்துக்கு அதைக் கொண்டுபோனீர்களா? கோபமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். இவ்வளவு கவனமாகப் படிக்கிற பெண் இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது எனக்குத் தாங்கவில்லை.

மாடலை அனுமானித்துக்கொண்டு தொடங்காதீர்கள், எது சரியாகக் கணிக்கிறது என்று பாருங்கள் என்று 'இரு பண்பாடுகள்' கட்டுரையில் பிரைமன் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. அது வந்த அதே இதழில் டேவிட் காக்ஸ், பிராட்லி எஃப்ரான் என்ற இரு பெரிய புள்ளியியலாளர்கள் மறுப்பு எழுதினார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத பெட்டியை வைத்துக்கொண்டு அறிவியல் செய்ய முடியுமா என்ற எஃப்ரானின் கவலையில் நியாயம் இருக்கிறது, கருத்தரங்கில் அதையும் சொல்லுங்கள். ஓசோன் கதையை மட்டும் குறைக்காதீர்கள். அது தோற்றதை அழுத்திச் சொல்லுங்கள்.

வேலை விஷயமாக என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். சேர்வதற்கு முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: போன வருடம் உங்கள் மாடல் சொன்னது என்ன, உண்மையில் நடந்தது என்ன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவீர்களா? காட்டினால் போங்கள். இதே கேள்வியை உங்கள் துறையிலும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.